மைசூர் போன்சாய் தோட்டம்: ரசிக்கலாமா, கூடாதா?

காவேரிப்பட்டணம் செல்வி:
போன ஞாயிறு மைசூர் போயிருந்தோம். தத்த பீடம் ஆசிரமத்துக்குள் இருக்கும் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வெளியே வர மனசே இல்லை. பெரிய மரங்களையே தட்டில் குட்டையாக வளர்ப்பதுதான் போன்சாய். ஒரு புளியமரம் என் முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனால் பட்டை நம்ம ராயக்கோட்டை ரோட்டுப் புளியமரம் மாதிரியே பாளம் பாளமாக வெடித்திருந்தது. குனிந்து அடித்தண்டோடு கண்ணை வைத்துப் பார்த்தால், மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற உணர்வு. கிருஷ்ணகிரியிலிருந்து போகிறவர்கள் விட்டுவிடாதீர்கள்.

மானாவாரி, பாலக்கோடு:
அக்கா, தப்பாக எடுத்துக்காதீங்க. எனக்கு இதில் ரசிக்க ஒன்றுமில்லை. புளியமரம் என்றால் பத்து ஆடு படுக்க நிழல் வேண்டும், வருடா வருடம் உலுக்கி எடுக்கப் புளி வேண்டும். அதன் வேரை வெட்டி, கிளையில் கம்பி சுற்றித் தட்டுக்குள் உட்கார வைப்பதைக் கலை என்கிறார்கள். ரோட்டை அகலப்படுத்த எத்தனை பெரிய மரம் விழுந்ததென்று பார்த்த ஊர்க்காரன் நான். எனக்கு வயிறு எரிகிறது.

சந்தூர் ஒட்டுக்கன்று:
உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது தம்பி. ஆனால் பட்டினி போட்டுக் குள்ளமாக்குகிறார்கள் என்று நினைத்தால் அது தவறு. எரு, தண்ணீர் எல்லாம் உண்டு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பழைய வேரைக் கழித்து மண் மாற்றினால்தான் புது சல்லிவேர் விடும், மரம் உயிரோடு இருக்கும். இலை சின்னதாகும், பூவும் காயும் சின்னதாகாது. நான் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவன். விதை போட்டு முளைத்த கன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, நாடா சுற்றாமல் செந்தூரா மாம்பழம் ஏது, பெங்களூரா மாம்பழம் ஏது? வெட்டுவதெல்லாம் கொடுமை என்றால் நம்ம மாவட்டத்து மாந்தோப்பு முழுக்கக் கொடுமைதான்.

மானாவாரி, பாலக்கோடு:
அண்ணே, நீங்கள் கட்டிய ஒட்டு ஒரு நாள் மண்ணுக்குப் போகும். பத்து வருடத்தில் அதன் கீழே கட்டில் போட்டுப் படுக்கலாம். தட்டில் இருப்பது என்றைக்குமே போகாது. அதுதான் என் கேள்வி.

சந்தூர் ஒட்டுக்கன்று:
அது சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காவேரிப்பட்டணம் செல்வி:
என்னிடம் ஒன்று இருக்கிறது. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பம் வளர்த்த பைன் மரம் ஒன்று. 1625 முதல் தொட்டியில் வளர்கிறது. 1945-ல் குண்டு விழுந்தபோது அந்த வீடு சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில். தோட்டத்துச் சுவர் மரத்தைக் காப்பாற்றியது. 1976-ல் ஜப்பான் அமெரிக்காவுக்குப் பரிசாகத் தந்த 53 போன்சாய்களில் இதுவும் போய் இப்போது வாஷிங்டன் போன்சாய் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. குண்டுக்குத் தப்பிய மரம் என்பது 2001-ல் யமாகியின் பேரன்கள் வந்து சொன்ன பிறகுதான் அங்கிருந்தவர்களுக்கே தெரிந்தது. கிட்டத்தட்ட 400 வருடம் யாரோ ஒருவர் விடாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இதைக் கொடுமை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மானாவாரி, பாலக்கோடு:
படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. ஆனால் அந்தக் குடும்பம் தலைமுறையாகப் பார்த்தது. இங்கே? பக்கத்து வீட்டில் ஆசையாக வாங்கினார்கள், சித்திரை வெயிலில் மூன்று நாள் கல்யாணத்துக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது ஆலங்கன்று சருகாக இருந்தது. மண்ணில் இருந்தால் தன் வேரை நீட்டித் தேடியிருக்கும். அப்புறம், பாறை இடுக்கில் தானாக வளர்ந்த பழைய மரத்தைத் தோண்டி விற்கிறவர்களும் உண்டு. அதையும் ரசிக்கச் சொல்வீர்களா?

சந்தூர் ஒட்டுக்கன்று:
மலையிலிருந்து தோண்டுவதை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பல மரம் செத்துப்போகும். விதை போட்டோ கிளை நட்டோ பொறுமையாக வளர்க்கட்டும். தினம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத வீட்டுக்கு போன்சாயே வேண்டாம்.

காவேரிப்பட்டணம் செல்வி:
இந்த இரண்டிலும் நானும் உங்கள் பக்கம்தான்.

மானாவாரி, பாலக்கோடு:
சரி அண்ணே, ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் கம்பி பதிந்த தழும்பு ஆறுமா?

சந்தூர் ஒட்டுக்கன்று:
நேரத்துக்கு அவிழ்த்தால் தழும்பே விழாது. கொஞ்சம் பதிந்திருந்தால் தண்டு பருக்கப் பருக்க மூடிக்கொள்ளும், சில வருடம் ஆகும். ஆழமாக இறங்கிவிட்டால் நம்ம ஒட்டு நாடாவை மறந்து விட்ட மாங்கன்று மாதிரிதான், அந்த வளையம் அப்படியே நிற்கும்.