மோரிகோனேவின் விசிலைப் புல்லாங்குழலுக்குக் கொடுப்பது நியாயமா?

நாலாம்கட்டை:

வணக்கம். திருச்சிப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் ரொம்ப வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். மற்றவர்களுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுப்பதும் என் வேலைதான். இங்கே ஒரு கல்லூரியில் மாணவர்கள் சேர்ந்து ஆர்கெஸ்ட்ரா ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். ஆண்டு விழாவில் கடைசி உருப்படியாக இத்தாலிய இசையமைப்பாளர் என்னியோ மோரிகோனேவின் கௌபாய் பட இசை. செர்ஜியோ லியோனே இயக்கி 1964, 1965, 1966 என்று வரிசையாக வந்த மூன்று படங்களின் தீம்களைக் கோத்த ஒரு மெட்லி. அச்சில் விற்கிற ஸ்கோரைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, ஒத்திகைக்கு உதவி செய்யுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நானும் சந்தோஷமாகப் போனேன்.

ஸ்கோரைப் பிரித்துப் பார்த்தால் மனசே விட்டுப்போயிற்று. முதல் படத்தின் தீமில் அலெஸ்ஸாண்ட்ரோ அலெஸ்ஸாண்ட்ரோனி அடிக்கிற விசில், இதில் இரண்டு புல்லாங்குழலும் முதல் வயலின்களும் சேர்ந்து வாசிக்கிற மெட்டு. சாட்டைச் சொடுக்கு இல்லை. மணி இல்லை. எலெக்ட்ரிக் கிதார் வரும் இடத்தில் நான்கு ஹார்ன். இரண்டாவது படத்தில் டொய்ங் டொய்ங் என்று வருமே மோர்சிங், அதைச் செல்லோக்காரர்கள் விரலால் சுண்ட வேண்டுமாம்.

மூன்றாவது 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி'. அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. அந்தத் தீமின் அழைப்பில் இருப்பது இரண்டே ஸ்வரம். நம் கணக்கில் சொன்னால் ப-ஸ-ப-ஸ-ப, ஸட்ஜம் மேல் ஸ்தாயி. அதற்குப் பதில் க-ம-ஸ. அவ்வளவுதான். அமெரிக்கப் பாலைவனத்து ஓநாயின் ஊளையை அப்படியே ஸ்வரமாக்கியிருக்கிறார் மனிதர். படத்தின் மூன்று ஆட்களுக்கும் இதே ஸ்வரங்கள். நல்லவனுக்குப் புல்லாங்குழல், கெட்டவனுக்கு ஒகரினா என்ற முட்டை வடிவ ஊது வாத்தியம், மூன்றாவது ஆளான டூகோவுக்கு மனிதக் குரல். ஸ்வரம் மாறாது, ஒலி மாறும். வந்திருப்பது யார் என்று அதில்தான் தெரியும். இந்த ஸ்கோரில் மூன்று தடவையும் டிரம்பெட். கடைசித் தடவை கூடவே சிம்பல். அப்படியென்றால் ஒரே ஆள் மூன்று தடவை வந்து போகிறான் என்றுதானே அர்த்தம்?

எங்கள் மேடைகளில் இது செல்லாது. ஒரு பாட்டின் இடையிசையில் புல்லாங்குழல் பிட் இருந்தால் அது புல்லாங்குழலில்தான் வர வேண்டும். அன்றைக்கு ஆள் வரவில்லையென்றால் கீபோர்டில் அந்த டோனைத் தேடிப் பிடித்து வாசிப்பேன். வயலினில் ஒப்பேற்றினால் கச்சேரி முடிந்ததும் யாராவது ஒருத்தர் மேடைக்குப் பின்னால் வந்து, "என்ன சார், அந்த இடத்துல குழலைக் காணோம்?" என்று கேட்டே தீருவார். திருவிழாவில் தரையில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு இருக்கிற அந்தக் காது, சிம்பொனிக்கு எழுதுகிறவருக்கு ஏன் இல்லாமல் போகிறது? இந்த மெட்லி மட்டுமில்லை. பழைய படத் தீம்களின் "பிரம்மாண்ட ஆர்கெஸ்ட்ரா வடிவம்" என்று யூடியூபில் வருகிறதில் பாதி இதே கதைதான். எல்லா இடுக்கிலும் வயலினை நிரப்பி, கடைசியில் வேகத்தைக் குறைத்து, ஒரு பெரிய கார்டு அடித்து முடிக்கிறார்கள்.

இதில் தொழில்முறைக் காரணம் ஏதாவது இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், இருக்கிற மாணவர்களை வைத்துக்கொண்டே எதையெல்லாம் திரும்பக் கொண்டுவரலாம்? ஸ்கோரை இப்படியே வாசிக்க விட எனக்கு மனசில்லை.

கோடம்பாக்கம்_மிக்ஸர்:

சார், ஒலிப்பதிவில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். காரணம் இருக்கிறது, அதை மைக்கிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

மோரிகோனே ரோமில் சான்டா செசிலியா கன்செர்வேடோரியத்தில் டிரம்பெட்டும், கொஃப்ரெடோ பெட்ராஸ்ஸியிடம் கம்போசிஷனும் படித்தவர். ஆனால் இந்தப் படங்களுக்கு வரும் முன்பு அவர் சோறு சாப்பிட்டது ஆர்.சி.ஏ. இத்தாலியானா என்ற ரெக்கார்டு கம்பெனியில் பாப் பாடல்களுக்கு அரேஞ்சராக. அதாவது ஸ்டூடியோ ஆள். ஸ்டூடியோவில் மோர்சிங்கை மைக்குக்கு முன்னால் வைத்தால் அது டிரம்பெட் அளவுக்குக் கேட்கும். விசில் அடிக்கிறவரின் மூச்சுக் காற்றுகூடக் கேட்கும். கிதாரின் ஒற்றைக் கம்பி முழு கோரஸுக்கு மேலே நிற்கும். நிஜமான ஒரு கூடத்தில் இந்த அளவுகள் நடக்கவே நடக்காது. சின்ன ஒலி பெரிதாகவும் பெரிய ஒலி பின்னால் தள்ளியும் நிற்கிற அந்த அமைப்பையே அவர் இசையாக எழுதினார். மைக் இல்லாத அரங்கத்துக்கு எழுதுகிறவர் ஐம்பது வயலினுக்கு நடுவில் ஒகரினா எடுபடாது என்று பயந்து டிரம்பெட்டுக்குக் கொடுத்துவிடுகிறார். அவருடைய பயம் நியாயம்தான். செய்த வைத்தியம்தான் ஆளையே கொன்றுவிடுகிறது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. முதல் படத்தின் அந்தத் தீம் எப்படிப் பிறந்தது தெரியுமா? பீட்டர் டெவிஸ் என்ற அமெரிக்கப் பாடகர் இத்தாலியில் இருந்தார். அவர் பாடிய, அமெரிக்க நாட்டுப்பாடகர் உட்டி கத்ரியின் பாடல் ஒன்றுக்கு 1962-இல் மோரிகோனே பின்னணி அமைத்தார். அந்தச் சாட்டை, மணி, கோரஸின் கூச்சல் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. லியோனே கேட்டு மயங்கியது அந்தப் பின்னணியில்தான். பாடகரின் குரலை எடுத்துவிட்டு, அதே பின்னணியின் மேல் விசிலுக்கு ஒரு புது மெட்டு போட்டார் மோரிகோனே. ஆக, நாம் இன்று தீம் என்று முணுமுணுக்கிற மெட்டுதான் கடைசியாக வந்து உட்கார்ந்தது. உங்கள் ஸ்கோரை எழுதியவர் கடைசியில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, முதலில் இருந்ததையெல்லாம் குப்பையில் போட்டிருக்கிறார்.

செல்லோப்பெண்:

நாலாம்கட்டை சார், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் ஒரு பக்கமாகப் பேசுகிறீர்கள் என்று தோன்றுகிறது. மோரிகோனே தாமே உலகம் முழுக்கப் பெரிய ஆர்கெஸ்ட்ராவையும் பெரிய கோரஸையும் வைத்து இந்த இசையை நடத்தினார். 2004-இல் யோ-யோ மா செல்லோவில் வாசித்த ஆல்பம் அவருடைய சம்மதத்தோடு மட்டுமில்லை, அவருடைய கையாலேயே வந்தது. நான் செல்லோ கற்கத் தொடங்கியதே அதைக் கேட்டுத்தான். விசில் இல்லையே என்று அன்று நான் நினைக்கவில்லை. 1966-இன் ரெக்கார்டு எங்கேயும் போகவில்லை. வேண்டுமென்றால் அதைப் போட்டுக் கேட்கலாம். மேடையில் இருக்கிற பிள்ளைகளுக்கு வாசிக்க ஏதாவது வேண்டாமா? வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலாவைப் படிக்கிறவர்கள் மெட்லி முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க முடியாதே.

நாலாம்கட்டை:

மிக்ஸர் சார், டெவிஸ் விஷயம் எனக்குப் புதிது. நேற்று ராத்திரி அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். சாட்டை விழுகிற இடம்கூட அப்படியே இருக்கிறது! இன்று ஒத்திகையில் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டினேன்.

செல்லோப்பெண், நீங்கள் சொன்ன ஆல்பத்தை நானும் விரும்பிக் கேட்பவன்தான். அது எப்படி உண்டானது என்று பாருங்கள். மோரிகோனே தன் இசைக்கு வாத்திய அமைப்பு எழுத வேறு யாரையும் விட்டவர் இல்லை, எல்லாம் அவரே. செல்லோ தலைமை தாங்க வேண்டும் என்றதும் சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் செல்லோவுக்காகத் திரும்ப எழுதினார். அதில் செல்லோவைத் தூக்கிவிட்டு வேறு எதையும் வைக்க முடியாது. அவருடைய மேடைக் கச்சேரிகளும் அப்படித்தான். கோரஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கிதாரும் டிரம்ஸும் கூடவே வரும். மூன்றாவது படத்தின் 'தி எக்ஸ்டஸி ஆஃப் கோல்ட்' வரும்போது பாடகி சுசான்னா ரிகாச்சி மைக் முன்னால் வந்து நிற்பார். எட்டா டெல்லோர்சோ ரெக்கார்டில் வார்த்தையே இல்லாமல் பாடிய அந்த வரியை மோரிகோனே வயலினுக்குத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. குரலின் இடத்தில் குரல்தான்.

அந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். டூகோ கல்லறைகளுக்கு நடுவே ஓடுகிறான். முதலில் பியானோ மட்டும் ஒரே சுற்றைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் தனியாகக் கோர் ஆங்லே என்ற ஊது வாத்தியம். அப்புறம்தான் அந்தப் பெண் குரல். அவர் மேலே ஏற ஏற, "பாடுகிறவருக்கு மூச்சு போதுமா?" என்று கேட்கிற நமக்கே ஒரு தவிப்பு வருகிறது. இருபது வயலின்கள் அதே ஸ்வரங்களை வாசித்தால் அந்தத் தவிப்பு வராது, ஏனென்றால் வில்லுக்கு மூச்சு வாங்காது. ஓடுகிறவனுக்கும் பாடுகிறவருக்கும் மூச்சு வாங்குவதுதான் அந்தக் காட்சி. எங்கள் மெட்லியில் இந்த வரி முதல் வயலின்களிடம் இருக்கிறது. கோர் ஆங்லே வரி கிளாரினெட்டிடம். பியானோ கிடையவே கிடையாது. அந்தச் சுற்றை வயோலாக்கள் அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். வயோலா பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், சரி. ஆனால் பியானோவின் சுத்தியல் விழுகிற கூர்மை இல்லாமல் அந்தப் பகுதி ஓட மாட்டேன் என்கிறது. ஒத்திகையில் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆர்கெஸ்ட்ராவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2018-இல் டென்மார்க்கின் தேசிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை சாரா ஹிக்ஸ் நடத்திய கச்சேரியைப் பாருங்கள். அவ்வளவு பெரிய குழு. ஆனாலும் அந்தக் க-ம-ஸ வருகிற இடத்தில் ஒரு பாடகி வாயாலேயே "வா வா வா" என்கிறார், எலெக்ட்ரிக் கிதார் தன் இடத்தில் இருக்கிறது. வயலின்காரர்கள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கிறார்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

வில்லும்_நாணும்:

நான் சென்னையில் வயலின் வகுப்பு எடுக்கிறேன். மோரிகோனேவை அவ்வளவாகக் கேட்டதில்லை, ஆனால் இந்த வலி எனக்கும் உண்டு. பெர்னார்ட் ஹெர்மன் 1960-இல் 'சைக்கோ'வுக்கு நரம்பு வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதினார். டிரம் இல்லை, ஊதுகிற வாத்தியம் ஒன்றுகூட இல்லை. குளியலறையில் கொலை நடக்கிற அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று டைரக்டர் ஹிட்ச்காக் முதலில் சொல்ல, ஹெர்மன் எழுதிக் காட்டிய பிறகு மனம் மாறினார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. என் மாணவி ஒருத்தி "பெரிய ஆர்கெஸ்ட்ரா வடிவம்" என்று ஒரு ஸ்கோரைக் கொண்டுவந்தாள். அந்தக் காட்சியில் வயலின்கள் போடுகிற கிறீச்சிடலோடு டிம்பனி முரசும் டிராம்போனும் சேர்ந்து இடிக்கின்றன. ஊது வாத்தியங்கள் இல்லாத அந்த வறட்சிதான் பயமே. டிராம்போன் வந்தால் யாரோ துணைக்கு வந்ததுபோல ஆகிவிடுகிறது. அதை நாங்கள் வாசிக்கவில்லை. மூல ஸ்கோரையே எடுத்துக்கொண்டோம். நரம்பு வாத்தியம் மட்டும் என்பதால் வகுப்புக்கு அது இன்னும் வசதியாகவே இருந்தது.

செல்லோப்பெண்:

சரி சார், அந்தப் பெண் குரலைப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அந்த வரியை நானே செல்லோவில் வாசித்திருக்கிறேன்; நீங்கள் சொல்கிற தவிப்பை வில்லால் கொண்டுவர முடியவில்லை. ஆனால் பிள்ளைகள் எல்லாருக்கும் வாசிக்க இடம் வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்கும் ஒரு வழி பாருங்கள்.

கோடம்பாக்கம்_மிக்ஸர்:

வழி இருக்கிறது. மோர்சிங்குக்கு நீங்கள் அலையவே வேண்டாம். அந்தப் படத்தில் வாசிப்பதும் நம் கச்சேரிகளில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் வாசிப்பதும் ஒரே குடும்பத்து வாத்தியம். திருச்சியில் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிற எந்த இடத்தில் கேட்டாலும் ஆள் கிடைப்பார். சுருதி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மோர்சிங்கில் அதை நினைத்தபடி ஏற்றி இறக்க முடியாது. மெட்லியின் ஸ்வரத்துக்குப் பொருந்துகிறதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். விசிலுக்கும் ஹம்மிங்குக்கும் கல்லூரியில் ஆள் இல்லாமலா போய்விடும்? மூன்று மைக் கேளுங்கள்: விசிலுக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று, மூன்றாவதை மோர்சிங்கும் ஒகரினாவும் மாறி மாறிப் பயன்படுத்தலாம். வயலின்களுக்கு மைக் வைக்கவே வேண்டாம். அரங்கத்தின் சவுண்ட்காரர் எல்லாவற்றுக்கும் வைக்கத்தான் பார்ப்பார், விடாதீர்கள்.

நாலாம்கட்டை:

மூன்று மைக் கேட்டாயிற்று. மோர்சிங்குக்கு மிருதங்க வாத்தியார் ஒருவர் தன் சிஷ்யனை அனுப்புகிறேன் என்றிருக்கிறார். விசில் அடிக்க ஹாஸ்டல் மாணவன் ஒருவன் வந்தான். கீழ் ஸ்தாயியில் காற்றாகப் போகிறது, மேலே அருமையாகப் பிடிக்கிறான். ஹம்மிங்குக்குக் கல்லூரி கோரஸிலிருந்து ஒரு பெண். பியானோ சுற்றை நானே கீபோர்டில் வாசித்துவிடுவேன்.

செல்லோப்பெண், வயோலாப் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு பார்ட் எழுதியிருக்கிறேன். மூன்றாவது தீமில் குதிரை ஓட்டத் தாளத்தைச் செல்லோக்களோடு சேர்ந்து அவர்கள்தான் தாங்குகிறார்கள், ஒரு இடத்தில்கூடச் சும்மா இல்லை. டிரம்பெட்டுகள் கடைசியில் மூவரும் சுற்றி நின்று முறைத்துக்கொள்கிற பகுதிக்கு மட்டும். அங்கே ரெக்கார்டிலும் டிரம்பெட்தான்.

ஒகரினாதான் இன்னும் கிடைக்கவில்லை. திருச்சி, மதுரைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள். கொஞ்சம் தடித்த குரலில் பேசுகிற பெரிய அளவு ஒகரினாதான் வேண்டும். பொம்மைக் கடைகளில் விற்கிற சின்னது கீச்சென்று கேட்கும், கெட்டவனுக்கு அது ஆகாது.