உண்ணி மருந்துத் தொட்டியில் மழைநீர் பிடிக்கலாமா?

மேலூரான்: எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பழைய பண்ணை கைமாறியிருக்கிறது. உள்ளே மாடுகளை மருந்தில் முக்கி எடுக்கும் நீளமான சிமெண்ட் தொட்டி. ஒரு முனை செங்குத்து, மாடு தொபுக்கென்று விழும். நீந்திப்போய் மறுமுனைச் சரிவில் ஏறும். மேலே வடிதளம், உடம்பிலிருந்து வழியும் மருந்து தொட்டிக்கே திரும்பும். வாங்கியவர் இதில் மழைநீர் பிடித்து ஆடுகளுக்குக் காட்டப் போகிறார். கட்டின தொட்டி சும்மாதானே கிடக்கிறது?

கிடைமாடு: வேண்டாம் அண்ணே. அமெரிக்காவில் 1906ல் உண்ணி ஒழிப்பு தொடங்கியபோது, தென் மாநிலங்களில் இதே மாதிரி தொட்டிகளை ஆயிரக்கணக்கில் கட்டி ஆர்சனிக் என்ற நஞ்சைக் கரைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாடு இறங்கணும். உண்ணி பரப்பிய மாட்டுக்காய்ச்சல் ஒழிந்தது, ஆர்சனிக் மண்ணிலேயே தங்கிவிட்டது. புளோரிடாவில் இன்னும் பழைய தொட்டிகளால் தலைவலி.

மேலூரான்: அது அமெரிக்கா தம்பி. இங்கே பிஎச்சி (BHC) என்ற பூச்சிக்கொல்லிப் பவுடர்தான் கலந்தார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அதுவும் எத்தனை மழை பார்த்தாச்சு.

கிடைமாடு: பிஎச்சி என்ன மோரா? 1997லேயே நாட்டில் தடை செய்துவிட்டார்கள். மழை கழுவினால் எங்கே போகும், கிணற்றுக்குத்தானே? ஆர்சனிக்காக இருந்தால் இன்னும் மோசம். அது தனிமம், எத்தனை வருடமானாலும் மட்காது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் வரம்பு.

புலிக்குளத்தான்: நாட்டு மாட்டை உண்ணி அவ்வளவாக வாட்டாது. கலப்பினம் வைத்தவன் கட்டின தொட்டி இது, இடித்துத் தள்ளுங்கள்.

திருமங்கலத்தார்: இடிப்பதா! உண்ணிதான் அந்த மாட்டுக்காய்ச்சலைக் கடத்துகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்மித்தும் கில்போர்னும் 1893ல் நிரூபித்ததால் வந்த தொட்டிகள் இவை. செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாவுக்குக் கொசுவைப் பிடித்ததே அதற்கு 4 வருடம் கழித்துத்தான். வேலி போட்டு, ஒரு பலகை வையுங்கள்.

கிடைமாடு: வேலிக்குச் சம்மதம் ஐயா. இடித்தால் தூசியும் கல்லும் ஊரெல்லாம் போகும். மேலூர் அண்ணே, முதலில் மண்ணைச் சோதியுங்கள். தொட்டிக்குள் அல்ல, வடிதளத்து ஓரத்திலும், அடியில் சேர்ந்த கசடை அள்ளிக் கொட்டிய இடத்திலும். விஷம் அங்கேதான் அதிகம் சேரும்.

மேலூரான்: கசடை எங்கே கொட்டினார்கள் என்று இப்போது யாரைக் கேட்பது? சரி, மண்ணெடுக்கச் சொல்கிறேன். சோதனைச் செலவில் பாதி உங்களுடையது.

கிடைமாடு: தொட்டி உங்கள் ஊரில், செலவு என் தலையிலா? முதலில் ஆடுகளை அந்தப் பக்கம் விடாமல் பாருங்கள்.