ஒரே மணல் திடல், மூன்று பங்காளிகள்: கட்டடக்கலை தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். பாம்பன் பக்கம் எங்கள் தெருவுக்குப் பொதுவாக இருப்பது ஒரே மணல் திடல். காலையில் ஆண்கள் வலை சரிசெய்வார்கள், பகலில் பெண்கள் கருவாடு காயப்போடுவார்கள், சாயங்காலம் பிள்ளைகளின் கபடி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; வலை மொத்தமும் கரைக்கு வந்துவிடும், அப்புறம் தினமும் சண்டைதான்.

நிழலுக்கு ஒரு கொட்டகை போடலாம் என்று பேச்சு. கான்கிரீட் வேண்டாம் என்பேன், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து வெடித்துவிடும். 1970களில் திருவனந்தபுரம் பூந்துறையில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் மீனவர் வீடுகளை முன்னும் பின்னுமாக அமைத்து, முன்னால் வலை காயவைக்க இடம் விட்டார். அப்படி ஊர்க்காரர்களோடு, முக்கியமாகப் பெண்களோடு, உட்கார்ந்து பேசி வரைபடம் போடுபவர் யாராவது தெரியுமா? பனங்கைக் கூரை (பனைமரச் சட்டம் வைத்துப் போடுவது) அனுபவம் இருந்தால் இன்னும் நல்லது. கடற்கரையோரம் கட்டுவதற்கான கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வாங்கியவர்களும் சொல்லுங்கள்.