மறு: ராப்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஊர்களின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. பருந்து, வல்லூறு, கூகை, பாறு கழுகு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ராப்டர் என்கிறோமே, அதுபோலப் பொதுவாக ஒரு சொல் வேண்டும்.

> கொன்றுண்ணிப் பறவை என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

வயல் எலியைப் பிடிக்கும் கூகைக்கு அது சரி, ஐயா. பாறு கழுகு கொல்வதில்லையே. செத்த மாட்டையும் மானையும் தின்று காட்டைத் துப்புரவாக வைக்கிற பறவை அது. வலிக்காக மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006இல் தடை வருவதற்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துவிட்டன. தப்பியவற்றில் சில மோயாற்றங்கரை நீர்மத்தி மரங்களில் கூடு கட்டுகின்றன. அந்தக் கரைப் பிள்ளைகளிடம் அதைக் கொலைகாரப் பறவையாக அறிமுகப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

> உகிர்ப்புள்! உகிர் நகம், புள் பறவை. புறநானூறு 43இல் 'கூருகிர்ப் பருந்து' வருகிறது.

அழகான சொல், அம்மா. ஆனால் பாறு கழுகின் காலைக் கிட்டத்தில் பாருங்கள். நகம் மழுங்கியிருக்கும், கோழிக்கால் மாதிரி நடக்கத்தான் உதவும், இரையைப் பற்றித் தூக்க உதவாது. அப்புறம் உகிருக்கும் புள்ளுக்கும் அடிக்குறிப்பு வேறு போட வேண்டும்.

> ராப்டருக்கு இலத்தீனில் வேர்ப்பொருள் பறித்தல், தமிழில் வவ்வுதல். ஆகவே வவ்வுபுள். வௌவாலும் இதே வேர் என்பார்கள்.

பிள்ளைகளுக்கு வௌவால்தான் நினைவுக்கு வரும். வளையலகி என்றால் கிளியும் கீச்சானும் உள்ளே வந்துவிடும். எருவை என்ற பழைய கழுகுப்பெயர் செம்பையும் குருதியையும் குறிப்பதால் செந்தலைப் பாறுக்கு உரிய பெயர் என்று வந்த மூன்று மடல்களையும் ஆர்வமாகப் படித்தேன். அதைத் தனி இழையாகத் தொடருங்கள். இங்கே தேவை இனம் முழுவதற்குமான சொல்.

ஊனுண்ணிப் பறவை என்று போடட்டுமா? நாலு பேர் சரி என்றிருக்கிறார்கள்.

----

அன்புத் தம்பிக்கு,

காலக்கெடு இருக்கிறது, போடுங்கள். ஆனால் ஊன் என்பதில் மீன் அடங்குமா? அடங்காது என்றால் மீனையே தின்னும் ராப்டரான விராலடிப்பான் வெளியே போய்விடும். அடங்கும் என்றால் கொக்கும் மீன்கொத்தியும் உள்ளே வந்துவிடும். விராலடிப்பானையும் கொக்கையும் பிரித்துக் காட்டுவது உகிர்தான். வழுக்கும் மீனைத் தண்ணீரிலிருந்து இறுக்கிப் பிடித்துத் தூக்கும் அந்தக் காலைப் பிள்ளைகளுக்குப் படமாகவாவது காட்டுங்கள். பக்கத்திலேயே பாறு கழுகின் காலையும் வரையச் சொல்லுங்கள். உகிர் என்ற சொல்லுக்கு அடிக்குறிப்பு வேண்டியிருந்தால் இருக்கட்டும், ஒரு வரிதானே? அடுத்த பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.