லக்ஷ்மிகாந்த்-பியாரேலால்: கேட்டவர்கள், பார்த்தவர்கள், வாசித்தவர்கள்

செம்பூர்வாசி:

ஹிந்தித் திரையிசை இரட்டையர் லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் பேச்சு எடுத்தாலே ‘பாபி’, ‘கர்ஸ்’, ‘தேசாப்’ என்று மூன்று படத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது. 1963-ல் ‘பாரஸ்மணி’யில் தொடங்கி, 1998 மே மாதம் லக்ஷ்மிகாந்த் மறையும்வரை ஒரே பெயரில் நின்றவர்கள். கிட்டத்தட்ட ஐநூறு படம். அவர்கள் பாட்டு உங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது, நேரில் பார்த்ததுண்டா, யாராவது வாசித்திருக்கிறீர்களா, எழுதுங்கள். நான் முதலில் எழுதிவிடுகிறேன்.

மும்பை சண்முகானந்தா ஹாலில் பியாரேலால் நடத்திய கச்சேரி ஒன்றுக்குப் போயிருந்தேன். பாடகர்கள் யார் யார் என்றுகூட இப்போது சரியாக நினைவில்லை, ஏனென்றால் நான் பார்த்துக்கொண்டிருந்தது பின்னால் இருந்த வாத்தியக்காரர்களை. ‘கர்ஸ்’ படத்தின் ‘ஏக் ஹஸீனா தீ’ பாட்டில் வரும் கிடார் எல்லோருக்கும் தெரியும். பியாரேலாலின் தம்பி கோரக் சர்மா படத்தில் வாசித்தது. மேடையில் அந்தக் கிடார் வரி முடிகிற இடத்தில் வயலின் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் வில்லைத் தூக்கியது. பியாரேலால் பெரிதாகக் கையை வீசவில்லை. விரலை லேசாக மடக்கினார், அவ்வளவுதான். அந்த வயலின்கள் மெட்டை எடுத்துக்கொண்டதும் ஹாலே அதிர்ந்தது. இன்னொன்று, ரேடியோவில் ஒரு டோலக் என்று நான் நினைத்துக் கேட்டதெல்லாம் அங்கே டோலக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வாசித்தது. ‘பிந்தியா சம்கேகி’ பாட்டின் கனம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இவர்களை வெறும் மசாலாப் படக்காரர்கள் என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு தடவையாவது அந்த மேடையைப் பார்த்திருக்க வேண்டும்.

சிற்றலை:

அண்ணை, நான் யாழ்ப்பாணம். எங்களுக்கு இவர்கள் வந்தது இலங்கை வானொலி வழியாகத்தான். புதன்கிழமை இரவு எட்டு மணி, ஹிந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்திப் போடும் பினாகா கீத்மாலா. அறிவிப்பாளர் அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவு செய்து அனுப்ப, கொழும்பிலிருந்து ஒலிபரப்பாகும். ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாத எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்போம். சிற்றலை என்றபடியால் சத்தம் ஏறி ஏறி இறங்கும். பாட்டின் முதல் அடி காற்றில் போய், இரண்டாம் அடியில்தான் பிடிபடும்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. 1967-ல் ஆண்டிறுதிப் பட்டியலில் முதல் பாட்டு ‘மிலன்’ படத்தின் ‘சாவன் கா மஹீனா’. 1968-ல் ‘ஷாகிர்த்’ படத்தின் ‘தில் வில் ப்யார் வ்யார்’. 1969-ல் ‘இந்தகாம்’ படத்தின் ‘கைசே ரஹூம் சுப்’. 1970-ல் ‘தோ ராஸ்தே’யின் ‘பிந்தியா சம்கேகி’. நாலு வருஷமும் இவர்கள் பாட்டே. 1966-ல் முதலிடம் இன்னொரு இசை இரட்டையரான சங்கர்-ஜெய்கிஷனுக்கு. ஆக, மகுடம் கை மாறியது எங்கள் பெட்டியிலேயே கேட்டது. அப்பா சங்கர்-ஜெய்கிஷன் பக்தர், ‘இந்தப் பெடியன்கள் நல்லாத்தான் செய்யிறாங்கள்’ என்று ஒத்துக்கொண்டது ‘சாவன் கா மஹீனா’வுக்குத்தான். முகேஷ் லதாவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற மாதிரித் தொடங்கும் இடம் அவருக்கு அவ்வளவு பிடிக்கும். மொழி தெரியாமலே சிரிப்பார்.

வயலின் வகுப்பு:

சென்னையில் மெல்லிசைக் குழுக்களில் பல வருஷம் வயலின் வாசித்தவன். செம்பூர் சார் சொன்ன அந்த வில் தூக்கும் இடத்தைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி என்றால் எங்கள் வரிசைக்கு அதிக வேலை வைப்பது இவர்கள் பாட்டுதான். பாடகருக்குப் பின்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பது கிடையாது. பாடகர் மூச்சு விடுகிற இடைவெளியில் எங்களுக்கு ஒரு வரி இருக்கும், அந்த வரியும் ஒரு மெட்டாக இருக்கும். ஒத்திகையில் ஒருவர் பிந்தினாலும் மொத்தமும் கலைந்துவிடும்.

இதற்கெல்லாம் வேர் பியாரேலாலின் வளர்ப்பில் இருக்கிறது. அப்பா பண்டிட் ராம்பிரசாத் சர்மா டிரம்பெட் வாசிப்பவர், பம்பாயில் எத்தனையோ பேருக்கு இசை எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். பியாரேலாலின் வயலின் குரு கோவாக்காரரான ஆண்டனி கொன்சால்வெஸ். மேற்கத்திய முறை, இந்திய ராகம் இரண்டையும் ஒரே வாத்தியக்குழுவில் உட்காரவைக்கப் பாடுபட்டவர் அவர். ‘அமர் அக்பர் ஆண்டனி’யில் அமிதாப் முட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து பாடும் பாட்டில் வருவது அவருடைய பெயர்தான். ஒரு மாணவன் குருவின் பெயரை நாடு முழுக்கப் பாட வைத்தான். இதைவிடப் பெரிய தட்சணை எனக்குத் தெரியவில்லை.

லக்ஷ்மிகாந்த் வேறு பக்கத்திலிருந்து வந்தார். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்து, வறுமையில் மாண்டலின் பிடித்தவர். இரண்டு பேரும் சந்தித்தது மங்கேஷ்கர் குடும்பத்தார் சிறுவர்களுக்காக நடத்திய சுரீல் கலா கேந்திராவில். அப்புறம் பல இசையமைப்பாளர்களிடம் வாத்தியக்காரர்களாக, கல்யாண்ஜி-ஆனந்த்ஜியிடம் உதவியாளர்களாக இருந்தார்கள். வாத்தியக்காரர்களாக இருந்து இசையமைப்பாளர் ஆனவர்கள் என்பது அவர்கள் எழுதிய எந்த இடையிசையிலும் தெரியும். வாசிப்பவனுக்கு மரியாதை இருக்கும். ‘ஹீரோ’ படத்தின் புல்லாங்குழலுக்கு ஹரிபிரசாத் சௌராசியாவையே கூப்பிட்டார்களே.

பியாரேலாலின் சொந்த வயலினைக் கேட்க வேண்டுமானால் 1964-ல் வந்த ‘ஹகீகத்’ படத்தில் மதன் மோகன் இசையில் ரஃபி பாடிய ‘மை யே சோச்கர்’ கேளுங்கள். ரஃபி ஒரு வரி பாடுவார், வயலின் அதற்குப் பதில் சொல்லும். வில்லை எங்கே திருப்புகிறார் என்பதே காதில் விழாது. நான் அதை மெதுவாக்கிக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். மேடையில் வாசிக்க இன்றுவரை துணிந்ததில்லை.

இன்னொரு வயலின்காரரும் நினைவுக்கு வருகிறார். நம் டி.கே.ராமமூர்த்தி. அங்கே பியாரேலால், இங்கே ராமமூர்த்தி. அங்கே லக்ஷ்மிகாந்த், இங்கே விஸ்வநாதன். விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையமைத்த ‘காதலிக்க நேரமில்லை’யை ஸ்ரீதர் 1966-ல் ‘ப்யார் கியே ஜா’ என்று ஹிந்தியில் எடுத்தபோது இசை லக்ஷ்மிகாந்த்-பியாரேலால். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே கதைக்கு இரண்டு இரட்டையர் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். அதற்குள் நம்மவர்கள் பிரிந்துவிட்டார்கள், 1965-லேயே. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அதனால்தான் கடைசிவரை பிரியாத இவர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

நாக்பூர் ராதா:

வயலின் சார் எழுதியதைப் படித்ததும் ‘ஹகீகத்’ பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சிலிர்த்தது.

என் கருத்து கொஞ்சம் வேறு. 1980-களின் நடுவில் வந்த பல படங்களில் இவர்கள் பாட்டு எனக்கு ஒட்டவில்லை. படம் குவிந்தது, ஒரே தாளக்கட்டு திரும்பத் திரும்ப வந்தது. அதே காலத்தில் ‘உத்சவ்’ படத்தில் லதாவும் ஆஷாவும் சேர்ந்து பாடிய ‘மன் க்யோன் பெஹ்கா’வும் இவர்களுடையதுதான் என்பதால் கோபம் இன்னும் அதிகம். இவ்வளவு முடிந்தவர்கள் ஏன் அவ்வளவு படத்தை ஒப்புக்கொண்டார்கள்?

என்னுடைய படம் என்றால் ‘தோஸ்தி’தான். 1964. பெரிய நட்சத்திரம் ஒருவரும் இல்லை. கால் ஊனமான பையன் மவுத் ஆர்கன் வாசிப்பான், கண் தெரியாத பையன் பாடுவான். அந்த மவுத் ஆர்கனை உண்மையில் வாசித்தது இசையமைப்பாளர் ஆர்.டி.பர்மன். பிறகு இவர்களுக்கு எதிரணி என்று பத்திரிகைகள் நிறுத்திவைத்த அதே பர்மன், நண்பர்களுக்காக வந்து வாசித்துக் கொடுத்தார். ஒரு பாட்டைத் தவிர மற்றதெல்லாம் ரஃபி. அந்த வருஷம் ஃபிலிம்ஃபேரில் ‘சங்கம்’, ‘வோ கௌன் தீ’ இரண்டையும் தாண்டி இசை விருது இதற்குக் கிடைத்தது. பியாரேலாலுக்கு அப்போது இருபத்து நாலு வயது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பார்வையில்லாத ஒரு மாணவி ‘சாஹூங்கா மை துஜே’ பாடுவாள். ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

பழைய விடுதி:

ராதா அக்கா, எண்பதுகளை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 1981-ல் டெல்லியில் விடுதியில் இருந்தேன். தமிழ்ப் பையன்கள் என்றால் அங்கே பெயர் கிடையாது, எல்லோரும் ‘மதராஸி’. ஹிந்தி பேசினால் சிரிப்பார்கள். அப்போது ‘ஏக் தூஜே கே லியே’ வந்தது. பாலசந்தர் இயக்கம், கமல் நாயகன், ஹிந்தி வராத தமிழ்ப் பையன் வேடம். தெலுங்கு மூலமான ‘மரோ சரித்ரா’வுக்கு எம்.எஸ்.வி. இசை, ஹிந்திக்கு லக்ஷ்மிகாந்த்-பியாரேலால். குரல் எஸ்.பி.பி.

அந்த உச்சரிப்பில் நம் ஊர் வாடை உண்டு. கதையில் வருகிற பையனுக்கு அதுதானே பொருத்தம்! ‘தேரே மேரே பீச் மே’ என்று அவர் எடுத்ததும் தியேட்டரில் பேச்சு நின்றது. பக்கத்து அறைப் பஞ்சாபி நண்பன் அடுத்த வாரம் என்னிடம் வந்து, அந்தப் பாட்டை எஸ்.பி.பி. பாடுகிற மாதிரியே பாட வேண்டும், சொல்லிக்கொடு என்று கேட்டான். எனக்கு ஹிந்தி சரியாக வராது என்று கேலி செய்தவனும் அவனேதான். விடுதி மொட்டை மாடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து பாடினோம். எஸ்.பி.பி.க்கு அதற்குத் தேசிய விருது கிடைத்த அன்று அவன்தான் இனிப்பு வாங்கி வந்தான்.

அதற்குப் பத்து வருஷம் முன்பே தேவர் எடுத்த ‘ஹாத்தி மேரே சாத்தி’க்கும் இவர்கள்தான். ‘சல் சல் சல் மேரே ஹாத்தி’ வேடிக்கைப் பாட்டு. அதே படத்தில் ரஃபியின் ‘நஃப்ரத் கி துனியா கோ’ கேட்டு அழாத ஆளை நான் பார்த்ததில்லை.

செம்பூர்வாசி:

இவ்வளவு வருமென்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ராதா, நீங்கள் கேட்டதற்கு என் எண்ணம் இது. அந்தப் பெரிய வாத்தியக்குழுவை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருந்தன. பதிவு நடந்தால்தான் வாத்தியக்காரருக்கு அன்றைய கூலி. இவர்கள் படத்தை மறுக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். சில பாட்டு தளர்ந்தது உண்மைதான். ஆனால் 1977 முதல் 1980 வரை ‘அமர் அக்பர் ஆண்டனி’, ‘சத்யம் சிவம் சுந்தரம்’, ‘சர்கம்’, ‘கர்ஸ்’ என்று நாலு வருஷம் தொடர்ந்து ஃபிலிம்ஃபேர் வாங்கியதும் அதே வேகத்தில் வேலை செய்துகொண்டேதான். 1993-ல் ‘கல்நாயக்’ வந்தபோதும் ஊரெல்லாம் இவர்கள் பாட்டுதான்.

இதில் யார் மெட்டு, யார் வாத்திய அமைப்பு என்று இன்னும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. லக்ஷ்மிகாந்த் மெட்டு, பியாரேலால் வாத்தியம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு பேரும் இரண்டும் செய்தவர்கள்தான், எது யாருடையது என்று வெளியே பிரித்துக் காட்டியதும் இல்லை. லக்ஷ்மிகாந்த் ஜுஹுவில் கட்டிய வீட்டுக்கு முதல் படத்தின் பெயரையே, ‘பாரஸ்மணி’ என்றே வைத்தார். அவர் போன பிறகு பியாரேலால் தனி இசையமைப்பாளராக அதிகம் வேலை செய்யவில்லை. 2024-ல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. லக்ஷ்மிகாந்த் இருந்தபோதே இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டிய விருது அது. எனக்கு அதில் தீராத ஆதங்கம்.

வயலின் சார், ‘ப்யார் கியே ஜா’, ‘காதலிக்க நேரமில்லை’ இரண்டையும் பாட்டுப் பாட்டாக ஒப்பிட்டு நீங்களே தனியாக ஒரு பதிவு போடுங்கள். அந்த இடையிசையை வாசித்துப் பார்த்தவர் சொன்னால்தான் சரியாக இருக்கும்.