தென் கலிபோர்னியாவின் குளிர்காலப் புயல்கள்: எதைப் பார்த்து மழையைக் கணிப்பது?

நம்மூர்ப் புயல்களைப் பார்த்துப் பழகிய கண் முதலில் மையத்தைத்தான் தேடும். லாஸ் ஏஞ்சலஸுக்கு அது உதவாது. தாழ்வழுத்த மையம் ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே ஆரிகன் மாநிலக் கரைக்கு எதிரே கடலில் நிற்கும்; மழையோ அங்கிருந்து தெற்கே நீளும் குளிர்காற்று முகப்பின் (குளிர்காற்று வெப்பக்காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் எல்லை) முன்னால் ஓடுகிற ஈரப்பட்டையில் கொட்டும். அதுதான் வளிமண்டல ஆறு. ஹவாய்ப் பக்கமிருந்து வந்தால் ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ என்பார்கள்.

ஐவிடி (IVT) எனும் நீராவிப் போக்கு வரைபடத்தை முதலில் திறங்கள். ஒரு மீட்டர் அகலத்தைக் கடந்து வினாடிக்கு எத்தனை கிலோ நீராவி போகிறது என்ற கணக்கு அது. 250 தொட்டால்தான் ஆறு என்ற பெயரே. உச்சம் 500 முதல் 750 வரை இருந்து, 24 முதல் 48 மணி நேரம் நீடித்தால் வளிமண்டல ஆறுகளுக்கான ஐந்து படி அளவுகோலில் அது 2. 48 மணியைத் தாண்டினால் ஒரு படி ஏறும், 24 மணிக்குள் முடிந்தால் ஒரு படி இறங்கும். நான் உச்ச எண்ணைவிட நேரத்தையே நம்புவேன். முகப்பின் மேல் புதிதாக ஒரு சிறு தாழ்வழுத்தம் முளைத்தால் பட்டை நகராமல் நின்றுவிடும். 2024 பிப்ரவரி 4 முதல் 6 வரை லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தில் 200 மி.மீ.க்கு மேல் பெய்தது. அங்கே ஆண்டுச் சராசரியே சுமார் 360 மி.மீ.தான்.

நேரத்தோடு காற்றின் திசையையும் சேர்த்துப் பாருங்கள், சார். சான் கேப்ரியல், சான்டா இனெஸ் மலைகள் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. தரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் காற்று தெற்கிலிருந்து வந்தால் மலையில் நேராக மோதி மேலேறும். தென்சரிவில் பெய்வது கடற்கரையைப்போல இரண்டு, மூன்று மடங்காகும். அதே ஈரம் மேற்கிலிருந்து வந்தால் மலையை ஒட்டியே வழுக்கிப் போய்விடும். மலைக்குப் பின்னால் மொஹாவி பாலைவனத்துக்கு இரண்டிலும் மிச்சம்தான்.

தீப்பிடித்த மலைக்கு இந்தக் கணக்கெல்லாம் போதாது. அங்கே நாள் மொத்தத்தைப் பார்க்கவே கூடாது, 15 நிமிட அளவைப் பாருங்கள். எரிந்த செடிகளின் மெழுகுப் பொருள் மண்ணுக்குள் படிந்து நீரை உறிஞ்சவிடாது. முதல் மழைக்காலத்தில் 15 நிமிடத்தில் 5, 6 மி.மீ. விழுந்தாலே சேறும் பாறையும் இறங்கலாம். 2018 ஜனவரி 9 விடியற்காலையில் சான்டா இனெஸ் மலையடியில் உள்ள மான்டெசிட்டோவில் ஐந்தே நிமிடத்தில் சுமார் 14 மி.மீ. கொட்டியது. மேலே ‘தாமஸ்’ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ எரித்த சரிவுகள். 23 உயிர்கள் போயின. அதைக் கொட்டியது முகப்பை ஒட்டிய சில கிலோமீட்டர் அகல மழைக்கோடு. கணினி வானிலை மாதிரிகள் அது வரும் என்று காட்டினாலும் எந்தப் பள்ளத்தாக்கில் விழும் என்று காட்டாது. ஆகவே, எரிந்த சரிவுக்குக் கீழே குடியிருப்பவர்கள் மழை தொடங்கும்வரை காத்திருக்காமல் முந்தின மாலையே கிளம்பிவிட வேண்டும்.

அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. தானியங்கி மழைமானியில் நிரம்பியதும் கவிழும் சிறு வாளி, ஒவ்வொரு முறை கவிழும்போதும் கொஞ்சம் நீரைக் கணக்கில் விட்டுவிடும். கனமழையில் இந்த இழப்பு கூடும். மலை உச்சியில் பனி விழுந்தால் புனலே அடைத்துக்கொண்டு பூஜ்யம் காட்டும், உருகும்போது இல்லாத மழையைப் பதியும். பக்கத்தில் கையால் அளக்கும் பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் மானி ஒன்றை வையுங்கள். அதன் உள்குழாய் 25.4 மி.மீ.க்கு, அதாவது ஒரு அங்குலத்துக்கு, நிரம்பிவிடும், மீதி வெளி உருளையில் தேங்கும். உள்குழாயைப் படித்துக் கொட்டிவிட்டு, வெளியில் உள்ளதைப் புனல் வைத்து அதே குழாயில் ஊற்றி ஊற்றி அளந்து கூட்ட வேண்டும். 25.4 என்றே ஒரு பதிவு வந்தால், வெளி உருளையை யாரோ மறந்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுங்கள்.