ஹெட்செட்டில் சத்தம் வருகிறது, துணைச் செயலி மட்டும் "சாதனம் இல்லை" என்கிறது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். விண்டோஸ் 11 கணினி, வயர்லெஸ் கேமிங் ஹெட்செட், அதே நிறுவனத்தின் மவுஸ். இரண்டுக்கும் ஒரே துணைச் செயலி. ஹெட்செட்டில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிளும் (யூ.எஸ்.பி. போர்ட்டில் செருகும் சிறிய வயர்லெஸ் ரிசீவர்) உண்டு, ப்ளூடூத்தும் உண்டு. இப்போது இரண்டு வழியிலும் இதே கணினியோடுதான் இணைந்திருக்கிறது. ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இவ்வளவும் ஆரம்பித்தது:

சத்தம் வருகிறது. ஆனால் செயலியைத் திறந்தால் ஹெட்செட் இருக்க வேண்டிய இடத்தில் வட்டம் சுற்றுகிறது, பிறகு "சாதனம் இணைக்கப்படவில்லை" என்று நின்றுவிடுகிறது. மவுஸ் மட்டும் தெரிகிறது.

எப்போதாவது ஹெட்செட் தெரிந்தாலும், ஈக்வலைசரை எவ்வளவு இழுத்தாலும் ஒலியில் மாற்றமே இல்லை.

வாய்ஸ் சாட்டில் சேர்ந்த உடனே விளையாட்டின் சத்தம் தாழ்ந்துபோகிறது, தொலைபேசியில் கேட்பதுபோல் அடைத்துக்கொள்கிறது.

இடையிடையே அரை நொடி சத்தம் அறுகிறது.

செயலியை நீக்கிவிட்டு இரண்டு முறை மறுபடி நிறுவியாயிற்று. பழைய ப்ரொஃபைல்களே திரும்பி வருகின்றன. டாங்கிள் கணினியின் பின்பக்கம் நீல நிற யூ.எஸ்.பி. போர்ட்டில் இருக்கிறது, அதற்கு அடுத்த போர்ட்டில் எக்ஸ்டெர்னல் டிரைவ். கேபினட் விளக்குகளுக்காக வேறொரு லைட்டிங் செயலியும் ஓடுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில் 1

நான்கையும் ஒரே கோளாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காரணங்கள் வெவ்வேறு. முதலில் "சாதனம் இல்லை" விஷயம்.

ஒரு டாங்கிளைச் செருகினால் விண்டோஸுக்கு அது ஒரே சாதனம் அல்ல. உள்ளே ஆடியோ பகுதி தனி, எச்.ஐ.டி. பகுதி தனி. எச்.ஐ.டி. என்பது கீபோர்டும் மவுஸும் கணினியோடு பேசும் அதே வழி. விளையாட்டின் ஒலி ஆடியோ பகுதி வழியே போகிறது. பேட்டரி அளவு, சைட்டோன் (நம் குரலே நம் காதில் கேட்பது), விளக்கு நிறம் போன்ற கட்டளைகள் எச்.ஐ.டி. வழியே போகின்றன. துணைச் செயலி தேடுவது இந்த இரண்டாவது வழியைத்தான். அதனால்தான் காதில் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது "இல்லை" என்கிறது.

டிவைஸ் மேனேஜரில் "ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்" கிளையை விரித்து வைத்துக்கொண்டு டாங்கிளைப் பிடுங்குங்கள். "வென்டர் டிஃபைண்ட் டிவைஸ்" என்று முடியும் வரிகளில் ஒன்றிரண்டு மறைய வேண்டும், செருகியதும் திரும்ப வர வேண்டும். வரவில்லை என்றால் சிக்கல் போர்ட்டிலோ டிரைவரிலோ இருக்கிறது. வந்தால் வன்பொருளில் கோளாறு இல்லை, செயலியைத்தான் பார்க்க வேண்டும்.

வந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள். துணைச் செயலியை டாஸ்க்பார் ஓரத்து ஐகானிலிருந்து முழுதாக வெளியேற்றுங்கள்; ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. சர்வீசஸ் பட்டியலில் அதே நிறுவனத்தின் பெயரில் ஓடுபவற்றையும் நிறுத்துங்கள். லைட்டிங் செயலியையும் அதன் சர்வீஸையும் அப்படியே நிறுத்தி, இரண்டும் கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்காதபடி வையுங்கள். டாங்கிளைப் பிடுங்கி 10 நொடி விட்டுச் செருகுங்கள். பிறகு ரீஸ்டார்ட் கொடுங்கள், ஷட்டவுன் வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் செய்தால் டிரைவர்களின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அதே நிலை திரும்ப ஏற்றப்படும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். எழுந்ததும் துணைச் செயலியை மட்டும் திறந்து பாருங்கள்.

கேட்டவர்

வென்டர் டிஃபைண்ட் வரிகள் மறைந்து திரும்ப வந்தன. நீங்கள் சொன்னபடியே செய்தேன். லைட்டிங் செயலி ஓடாதபோது ஹெட்செட் உடனே தெரிகிறது. அதைத் திறந்த ஒரு நிமிடத்துக்குள் மறுபடி காணாமல் போகிறது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அப்படியே.

பதில் 1

அப்படியானால் இது மோதல். ஒரே எச்.ஐ.டி. சாதனத்தை இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்க விண்டோஸ் அனுமதிக்கும். ஒன்று கேள்வி அனுப்பினால், சாதனம் தரும் பதில் திறந்து வைத்திருக்கும் இரண்டுக்கும் போய்ச் சேரும். மற்றதற்கான பதிலைத் தன்னுடையதென்று துணைச் செயலி எடுத்துக்கொண்டால் வரிசை குலைந்து "இல்லை" என்று முடிவு கட்டிவிடும்.

லைட்டிங் செயலியை நீக்க வேண்டியதில்லை. அதன் சாதனப் பட்டியலில் ஹெட்செட்டையும் மவுஸையும் மட்டும் அணைத்துவிடுங்கள். கேபினட் விளக்குகள் அதனிடமே இருக்கட்டும்.

பழைய ப்ரொஃபைல்கள் திரும்புவதற்குக் காரணம், அன்இன்ஸ்டால் செய்யும்போது பயனர் தரவு அழிவதில்லை. ப்ரோகிராம்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரிலும், ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், ரோமிங் இரண்டிலும் நிறுவனத்தின் பெயரில் ஃபோல்டர் இருக்கும். அவற்றை அழிக்காதீர்கள், பெயரின் கடைசியில் "பழையது" என்று சேர்த்து வையுங்கள். செயலி புதிதாக உருவாக்கிக்கொள்ளும், தேவைப்பட்டால் பழையதை மீட்கலாம். கணக்கில் உள்நுழைந்திருந்தால் க்ளவுடிலிருந்தும் பழைய ப்ரொஃபைல் இறங்கும், ஆகவே முதல் முறை திறக்கும்போது உள்நுழையாமல் பாருங்கள்.

பதில் 2

தொலைபேசிச் சத்தத்துக்கு நான் சொல்கிறேன். ப்ளூடூத் ஹெட்செட்டை விண்டோஸ் பொதுவாக இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறது. பாட்டுக் கேட்க ஏ2டிபி: ஸ்டீரியோ, ஆனால் மைக் கிடையாது. மைக் தேவைப்பட்டதும் எச்.எஃப்.பி.: மைக் உண்டு, ஆனால் ஒலி மோனோ, மாதிரி வேகம் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். 16 என்று வைத்துக்கொண்டாலும் அதில் பாதியான 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்காது. எந்த ஈக்வலைசராலும் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் அந்த ஒலி காதுக்கு வரும் முன்பே வெட்டப்பட்டுவிட்டது.

உங்கள் ஹெட்செட் டாங்கிளிலும் ப்ளூடூத்திலும் ஒரே கணினியோடு இணைந்திருப்பதால், வாய்ஸ் சாட் ப்ளூடூத் மைக்கைத் திறந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஹெட்செட் அதை ஒரு அழைப்பாக எடுத்துக்கொண்டு விளையாட்டின் ஒலியைத் தாழ்த்துகிறது. கணினியின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து ஹெட்செட்டை நீக்கிவிடுங்கள். ப்ளூடூத் கைபேசிக்கு மட்டும் இருக்கட்டும்.

அதன் பிறகும் சத்தம் தாழ்ந்தால் அது விண்டோஸின் வேலை. செட்டிங்ஸில் சவுண்ட் பக்கத்தின் அடியில் "மோர் சவுண்ட் செட்டிங்ஸ்" இருக்கும். அதில் கம்யூனிகேஷன்ஸ் தாவலில், அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறை என்பதே இயல்பான தேர்வு. "டு நத்திங்" என்று மாற்றுங்கள். ரெக்கார்டிங் தாவலில் டாங்கிளின் மைக்கை வலது சொடுக்கி, டிஃபால்ட் டிவைஸ், டிஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ் இரண்டுமாக அதையே வையுங்கள். வாய்ஸ் சாட் செயலிக்குள்ளும் உள்ளீடு, வெளியீடு இரண்டையும் "டிஃபால்ட்" என்று விடாமல் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள்.

பதில் 3

சத்தம் அறுவதற்கு நீல போர்ட்டும் பக்கத்து டிரைவும்தான் முதல் சந்தேகம். யூ.எஸ்.பி. 3.0 தரவு ஓடும்போது கேபிளிலிருந்தும் கனெக்டரிலிருந்தும் எழும் ரேடியோ இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது. இன்டெல் 2012ல் இதைப் பற்றியே ஒரு ஆவணம் வெளியிட்டது. டாங்கிளின் சிறிய ஆன்டெனா அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே, அதுவும் கேபினட்டின் உலோக முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

ஒரு மீட்டர் யூ.எஸ்.பி. 2.0 நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளை மேசை மேல் கொண்டுவாருங்கள். ஹெட்செட்டுக்கும் அதற்கும் நடுவே உலோகம் எதுவும் வேண்டாம். மவுஸின் டாங்கிளை அதோடு ஒட்டி வைக்காமல் 20, 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். கேபிள் வாங்கும் முன் உறுதிசெய்ய வேண்டுமா? டிரைவைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள்.

டிரைவைக் கழற்றியும் அறுந்தால் மின்சேமிப்பைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு "யூ.எஸ்.பி. ரூட் ஹப்" வரியிலும் பவர் மேனேஜ்மென்ட் தாவலுக்குப் போய், சாதனத்தை அணைக்கக் கணினியை அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்

டிரைவைக் கழற்றியதும் அறுவது நின்றது. கேபிள் போட்டபின் டிரைவ் இருக்கும்போதும் அறுவதில்லை. ப்ளூடூத்தை நீக்கியதும் வாய்ஸ் சாட்டில் ஒலி தெளிவாகிவிட்டது. மிச்சம் ஈக்வலைசர்தான். இப்போது செயலியில் ஹெட்செட் நிலையாகத் தெரிகிறது, ஆனால் ஈக்வலைசர் இன்னமும் பொம்மைதான்.

பதில் 1

உங்கள் ஈக்வலைசர் எங்கே வசிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். சில ஹெட்செட்களில் அது ஹெட்செட்டுக்குள் இருக்கும் சிப்பில் ஓடும். சிலவற்றில் விண்டோஸின் ஒலிப் பாதையில் டிரைவர் செருகும் ஏ.பி.ஓ. என்ற வடிகட்டியில் ஓடும். இன்னும் சில செயலிகள் தாமே ஒரு போலி ஒலிச் சாதனத்தை உருவாக்கி அதற்குள் ஓட்டும். ஸ்டீல்சீரீஸின் சோனார் அப்படிப்பட்டது. அந்த வகையில் விளையாட்டின் வெளியீட்டை அந்தப் போலிச் சாதனத்துக்குத் திருப்பாவிட்டால் ஈக்வலைசர் சும்மாதான் நிற்கும்.

சோதனை எளிது. ஈக்வலைசரில் பாஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) பட்டைகள் எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இறக்கிச் சேமியுங்கள். டாங்கிளைக் கழற்றி, துணைச் செயலி இல்லாத இன்னொரு கணினியில் செருகிக் கேளுங்கள். அங்கே பாஸ் இல்லையென்றால் ஈக்வலைசர் ஹெட்செட்டுக்குள் இருக்கிறது. அங்கே பாஸ் வழக்கம்போல் இருந்தால் அது பெரும்பாலும் முதல் கணினியின் விண்டோஸில்தான் இருக்கும்.

விண்டோஸில் என்றால், சவுண்ட் பக்கத்தில் ஹெட்செட்டைத் திறந்து "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்" அணைந்திருக்கிறதா பாருங்கள். அணைந்திருந்தால் ஏ.பி.ஓ. ஓடாது. அடுத்து டிவைஸ் மேனேஜரில் "சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்" கிளையில் ஹெட்செட்டின் டிரைவர் தாவலைத் திறந்து ப்ரொவைடர் யார் என்று படியுங்கள். மைக்ரோசாஃப்ட் என்று இருந்தால் விண்டோஸின் பொது டிரைவர் ஓடுகிறது. அதில் சத்தம் நன்றாக வரும், ஆனால் உற்பத்தியாளரின் வடிகட்டி இருக்காது. அப்டேட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது என்று நீங்கள் எழுதியதால் என் கண் இதன் மேல்தான். "ரோல் பேக் டிரைவர்" இருந்தால் அழுத்துங்கள். மங்கி இருந்தால் உற்பத்தியாளரின் முழு நிறுவல் தொகுப்பை, டாங்கிள் செருகிய நிலையிலேயே மீண்டும் ஓட்டுங்கள்.

இன்னொன்று: ஒரு ப்ளேயரோ விளையாட்டோ எக்ஸ்க்ளூசிவ் மோடில் (ஒலிச் சாதனத்தைத் தனக்கு மட்டுமே எடுத்துக்கொள்ளும் முறை) ஒலியைப் பிடித்தால் அது வடிகட்டியைத் தாண்டிப் போய்விடும். ஹெட்செட்டின் அட்வான்ஸ்டு தாவலில் அந்த மோடை அனுமதிக்கும் குறியை எடுத்துவிட்டுச் சோதியுங்கள்.

கேட்டவர்

இன்னொரு கணினியில் பாஸ் வழக்கம்போல் கேட்டது. ப்ரொவைடர் மைக்ரோசாஃப்ட். ரோல் பேக் மங்கி இருந்தது. தொகுப்பை மீண்டும் ஓட்டியதும் ஈக்வலைசர் வேலை செய்கிறது, மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: பாஸை 9 டெசிபெல் ஏற்றினால் வெடிச்சத்தம் வரும் இடங்களில் கரகரக்கிறது. ஹெட்செட் பழுதா?

பதில் 2

பழுது இல்லை, கிளிப்பிங். 6 டெசிபெல் ஏற்றினாலே அலையின் உயரம் இரண்டு மடங்காகும். 9 என்றால் ஏறத்தாழ 2.8 மடங்கு. வெடிச்சத்தம் ஏற்கனவே உச்சத்துக்குப் பக்கத்தில் பதிவானது. அதற்கு மேல் இடமில்லாமல் அலையின் தலை தட்டையாக வெட்டப்படுகிறது. ப்ரீஆம்ப் (எல்லாப் பட்டைகளையும் சேர்த்து ஏற்றி இறக்குவது) ஸ்லைடர் இருந்தால் எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவு இறக்குங்கள், இங்கே மைனஸ் 9. பிறகு ஹெட்செட்டின் வால்யூமைக் கூட்டிக்கொள்ளலாம். ப்ரீஆம்ப் இல்லையென்றால் மற்ற பட்டைகளை இறக்கினால் போதும், பாஸ் தானே தூக்கலாகக் கேட்கும். காலடிச் சத்தத்துக்காக விளையாடுபவர்கள் பாஸை ஏற்றுவதைவிட 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3, 4 டெசிபெல் இறக்குவதே நல்லது. வெடிச்சத்தம் காலடியை விழுங்காமல் இருக்கும்.

சரவுண்ட் விஷயத்திலும் கவனம். துணைச் செயலியின் 7.1, விண்டோஸ் சோனிக் அல்லது டால்பி அட்மாஸ், விளையாட்டுக்குள் இருக்கும் எச்.ஆர்.டி.எஃப். (ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு உணர்த்தும் கணக்கு) மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஓடினால் எதிராளி முன்னால் இருக்கிறாரா பின்னால் இருக்கிறாரா என்பதே குழம்பும். விளையாட்டில் எச்.ஆர்.டி.எஃப். இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் அணைத்துவிடுங்கள்.

இன்னொரு வாசகர்

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். செயலியை மூடினால் மவுஸின் டிபிஐ (சுட்டி நகரும் வேகத்தைத் தீர்மானிக்கும் அளவு) 800லிருந்து வேறெதற்கோ மாறிவிடுகிறது. ஏன்?

பதில் 3

செயலி ஓடும்போது அதன் ப்ரொஃபைல், மூடியதும் மவுஸுக்குள் சேமித்த ப்ரொஃபைல். இரண்டும் வேறாக இருக்கின்றன. "ஆன்போர்டு மெமரி" என்ற பகுதியில் இப்போதைய ப்ரொஃபைலை மவுஸுக்குள் எழுதுங்கள். டிபிஐ, போலிங் ரேட் (மவுஸ் நொடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தகவல் தருகிறது என்பது), பொத்தான் மாற்றங்கள் பொதுவாக உள்ளே தங்கும். விளையாட்டைப் பொறுத்துத் தானாக மாறும் ப்ரொஃபைல், மற்ற சாதனங்களோடு இசைந்து ஓடும் விளக்கு, செயலிகளைத் திறக்கும் மேக்ரோ இவையெல்லாம் செயலி ஓடினால்தான் உண்டு. போலிங் ரேட் 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லி நொடிக்கு ஒரு தகவல், 8000 என்றால் 0.125 மில்லி நொடிக்கு ஒன்று. அதற்கேற்பப் ப்ராசஸர் வேலையும் மவுஸின் பேட்டரிச் செலவும் கூடும். விளையாட்டு திக்கினால் முதலில் 1000க்கு இறக்குங்கள்.

கேட்டவர்

செயலி இப்போது ஹெட்செட்டுக்கு ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறது என்று காட்டுகிறது. செய்யலாமா?

பதில் 1

வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். உங்களுக்கு இருக்கும் குறை எதையும் அது தீர்க்கவில்லையென்றால் அவசரம் இல்லை. செய்வதானால் டாங்கிளை நீட்டிப்புக் கேபிளிலிருந்து கழற்றிக் கணினியிலேயே நேராகச் செருகுங்கள், ஹப் வேண்டாம். ஹெட்செட்டையும் சார்ஜ் கேபிளால் கணினியோடு இணைத்து, பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். லைட்டிங் செயலியை முழுதாக நிறுத்துங்கள், கணினி உறங்காதபடி வையுங்கள். டாங்கிளுக்குத் தனி, ஹெட்செட்டுக்குத் தனி என்று இரண்டு கட்டமாக ஓடலாம். முதல் கட்டம் முடிந்து சாதனம் ஒரு முறை துண்டித்து மீண்டும் இணையும்போது முடிந்துவிட்டதென்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள், பாதியில் நிற்பது பெரும்பாலும் அங்கேதான். டாங்கிள் புதுப் பதிப்பிலும் ஹெட்செட் பழைய பதிப்பிலும் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போகலாம். அப்படி நின்றுவிட்டால் கேபிளைக் கழற்றி மாட்டி, அதே அப்டேட்டை மீண்டும் ஓட்டுங்கள். பிறகு செயலியின் பேரிங் பகுதியில் இரண்டையும் புதிதாக இணைத்துக்கொள்ளுங்கள்.